பின்னணி இசைக் கர்னல்

பட்டாளத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு பதவி உயர்வு மட்டும் வாங்கிக்கொண்டே போகிற ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. சம்பளம் இல்லை, சீருடை இல்லை, ஓய்வூதியமும் கிடையாது. திரையரங்கின் இருட்டில் ஆளெடுப்பு நடக்கிறது. இடைவேளைக்குள் பயிற்சி முடிந்துவிடுகிறது. படம் விட்டு வெளியே வரும்போது ஆள் குறைந்தது மேஜர். இவர்களுக்குத் திரைப்போர் நிபுணர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். கோபித்துக்கொள்ளமாட்டார்கள். நிபுணர் என்ற சொல் அவர்களுக்கு மிகவும் பிடிக்கும்.

எப்படிக் கண்டுகொள்வது என்கிறீர்களா? நடையைப் பாருங்கள். போர்ப் படம் பார்த்துவிட்டு வருகிற நிபுணர், இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியையும் தாமே போராடிக் கைப்பற்றிய குன்றைப் போல மிதித்து இறங்குவார். வண்டி நிறுத்துமிடத்தில் தம் ஸ்கூட்டரைத் தேடும்போது கண்களை இடுக்கிக்கொண்டு அடிவானத்தைப் பார்ப்பார். ஸ்கூட்டர் அங்கே இருக்காது. பக்கத்திலேயே, தூணுக்கு அந்தப் புறம் இருக்கும். வீட்டில் அவர் முதுகுக்குப் பின்னால் குக்கர் மூடி தெறித்துக் கூரையில் இடித்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். வெடிச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கிறவன் வீரனா? அடுப்படியில் அவர் மனைவி போடுகிற கூச்சல் அவருக்குப் பின்னணி இசையில் சேர்த்தி.

போரைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. எதிரிக்குக் குறி பார்க்க வராது. எதிரிக்கு முகமும் கிடையாது, தொப்பி மட்டும் உண்டு. எதிரி நாட்டில் வெயில் எப்போதும் மஞ்சளாகக் காயும்; நம் பக்கம் வந்தால் அதே வெயில் பொன்னிறமாகிவிடும். நம்மவருக்குக் குண்டு பட்டால் தாயை, மண்ணை, நண்பனை எல்லாம் வரிசையாக விளித்து இரண்டு பக்க வசனம் பேச அவகாசம் உண்டு. அவர்களுக்குப் பட்டால் ஒரு 'ஆ'வோடு சரி. உலகத்தில் எங்கோ ஒரு மூலையில் நெடுநாளாகச் சண்டை நடக்கிறது என்று செய்தியில் வந்தால் நிபுணருக்குப் பொறுமை போய்விடும். "ராத்திரியோட ராத்திரியா முடிக்கவேண்டிய வேலய்யா இது! ஒரே ஒரு நல்ல ஆள் போதும். எதுக்கு இப்படி இழுத்துட்டிருக்கானுங்க?" என்பார். அவர் பார்த்த போர் எதுவும் இரண்டரை மணி நேரத்தைத் தாண்டியதில்லை, அதிலும் நாலு பாட்டு.

இந்த இனத்தின் முதல்தரமான மாதிரி ஒருவரை உங்களுக்குக் காட்டுகிறேன். தெருவில் அவருக்குக் கர்னல் என்று பெயர். யாரோ கேலிக்கு வைத்தது. அவர் அதைப் பதக்கம்போலக் குத்திக்கொண்டுவிட்டார். மருந்துக் கடைக்கு மேல்மாடியில், இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு கிழிந்த நாற்காலியும் உள்ள அறையில், கல்யாணம், பிறந்தநாள், பணி ஓய்வு விழா ஆகியவற்றின் வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பது அவர் தொழில். வேலையில் சூரர். குடிநீர் அலுவலகத்தில் முப்பது வருஷம் முத்திரை குத்திய ஒரு குமாஸ்தாவின் ஓய்வு விழாவுக்கு அவர் செய்து கொடுத்த படத்தை இன்னும் தெருவில் பேசுகிறார்கள். குமாஸ்தா அலுவலகப் படியில் இறங்கிவருவதைத் தரையோடு தரையாகக் கேமராவை வைத்து எடுத்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, மேஜை விசிறியால் தலைமுடியைப் பறக்கவிட்டு, அடியில் முரசொலியைக் கொட்டி முழக்கியிருந்தார். அதைப் பார்த்த குமாஸ்தாவின் மனைவி, "இவ்ளோ பெரிய ஆளுன்னு தெரியாம நான் இவர தினமும் குப்பை கொட்ட அனுப்பிட்டேனே!" என்று விம்மி விம்மி அழுதாராம்.

இதில்தான் வேடிக்கை. வித்தை முழுவதும் கர்னலுக்குத் தெரியும். எந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தால் தொண்டை அடைக்கும், எந்த இடத்தில் இசையை நிறுத்தினால் நெஞ்சு திக்கென்னும் என்பதெல்லாம் அவர் விரல்நுனியில். அப்படிப்பட்டவர் திரையரங்கில் போய் உட்கார்ந்தால் முதல் முரசொலிக்கே மயிர்க்கூச்செறிந்து, இரண்டாவது முரசொலிக்குக் கைக்குட்டையைத் தேடுவார். தம் கையாலேயே மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டுச் சமைத்துவிட்டு, காரம், காரம் என்று கண்ணீர் விடுகிறவரை என்ன செய்வது?

கர்னலுக்கு ஒரு தங்கை. எதிர்வாசல் வீட்டில் இருக்கிறாள். அவள் கணவர் நிஜமான பட்டாளக்காரர், கர்னலுக்கு மாப்பிள்ளை. சொந்த வீட்டுக்குள்ளேயே ஒரு போர் வந்து விடுமுறைக்குத் தங்கினால் திரைப்போர் நிபுணருக்கு எப்படி இருக்கும்! ஆனால் மாப்பிள்ளை மெலிந்த, சாதுவான மனிதர். முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, கிழிந்த கொசுவலையைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கர்னல் விடுவாரா?

"மாப்பிள்ளை, அந்த மலை உச்சியில இருந்தீங்களே, அங்க என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"தண்ணி சுமந்தோம் மச்சான். மேல ஒரு சொட்டு கிடையாது. கீழ இருந்து கேன்லதான் தூக்கிட்டுப் போகணும்."

"சரி. அப்புறம்?"

"அப்புறம் தண்ணி தீந்துபோச்சு. திரும்பவும் இறங்கினோம்."

"சண்டைன்னு எதுவுமே வரலையா?"

"வந்துச்சு. ஒரு நாள் விடியக்காலைல சுட்டாங்க. நாங்களும் சுட்டோம்."

கர்னல் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "நேருக்கு நேர் பாத்தீங்களா? கண்ணும் கண்ணும்?"

"எங்க மச்சான், ஒரே பனிமூட்டம். கைய நீட்டினா விரல் தெரியாது. ஆனா அந்தப் பக்கம் ஒருத்தன் இருமிட்டே இருந்தான். சுடறது நின்னப்புறமும் இருமினான். நெஞ்சு சளி போல. எங்க ஆளு ஒருத்தன், பாவம், வெந்நீராவது குடிக்கலாம்லன்னு சொன்னான்."

"அப்புறம்?"

"அப்புறம் டீ வந்துச்சு."

கர்னல் வீட்டுக்கு வந்து மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டார். "நல்ல விஷயம் கையில வெச்சிருக்காரு, சொல்லத்தான் தெரியல. மொதல்ல அந்த இருமல வெட்டணும். எதிரி இருமினா ஆடியன்ஸுக்கு அவன்மேல பாவம் வந்துரும். படம் அவ்வளவுதான்." மனைவிக்கு அப்போது குக்கரோடு வேலை இருந்தது.

இதுவரைக்கும் சிரிக்கிற விஷயம். கர்னலின் தூக்கத்தைக் கெடுத்த விஷயம், விடுமுறை முடிகிற வாரத்தில் மத்தியானச் சாப்பாட்டின்போது நடந்தது. இரண்டு குடும்பமும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"இதான் மச்சான் கடைசித் தடவை. இன்னும் ஒரு வருஷம். அதோட வந்துடுவேன். வந்து, மெயின் ரோட்டுல சின்னதா ஒரு சைக்கிள் கடை போடலாம்னு இருக்கோம்."

கர்னல் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டார்.

உங்களுக்குப் புரிந்திருக்கும், நீங்களும் படம் பார்க்கிறவர்தானே. படத்தில் எந்தச் சிப்பாய் 'இதுதான் கடைசி' என்று சொல்கிறானோ, எவன் ஊருக்குப் போய் ஒரு கடை, ஒரு துண்டு நிலம், நாலு ஆடு என்று பேசுகிறானோ, அவன் இடைவேளைக்குப் பிறகு இருக்கமாட்டான். இது கர்னலின் அனுபவத்தில் ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. அதோடு நின்றதா? மாப்பிள்ளை பர்ஸைத் திறந்து உள்ளே இருந்த தங்கையின் புகைப்படத்தைக் காட்டி, "போன் கிடைக்காத இடத்துல இதத்தான் எடுத்து எடுத்துப் பாப்பேன்" என்று வேறு சொல்லிவைத்தார். போட்டோவைக் காட்டுகிறவன் அடுத்த காட்சியிலேயே போய்விடுவான்! போதாக்குறைக்குத் தங்கை முழுகாமல் இருந்தாள். கர்னலுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. எத்தனையோ படத்தில் இந்த இடத்தில் அவர் சுகமாக அழுதிருக்கிறார். இப்போது அழுகை வரவில்லை.

"கடையெல்லாம் போடாதீங்க மாப்பிள்ளை!" என்று கத்திவிட்டார். "இன்னும் இருபது வருஷம் சர்வீஸ் பண்ணுங்க! சைக்கிள் கடையில என்ன இருக்கு?"

"ஏண்ணா, என் புருஷன் வீட்டுக்கு வர்றது உனக்குப் பொறுக்கலையா?" என்று தங்கை தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். மாப்பிள்ளை விழித்தார். கர்னலின் மனைவி மட்டும், "இந்த ஆளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. நீங்க சாப்பிடுங்க தம்பி" என்று குழம்பை ஊற்றினார்.

கர்னல் யாரிடம் போய் இதைச் சொல்வார்? வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவருக்கே தெரியும். ஆனால் தொழில் தெரிந்தவர் சும்மா இருக்க முடியுமா? காட்சி சரியில்லை என்றால் வெட்டி ஒட்டவேண்டியதுதானே! புறப்படுகிற நாள் காலையில் மாப்பிள்ளை குளிக்கப் போனபோது, மேஜைமேல் இருந்த பர்ஸைத் திறந்து தங்கையின் புகைப்படத்தை உருவி எடுத்தார். காலியாக விட்டால் தெரிந்துவிடுமே என்று, அந்த இடத்தில் தம்முடைய பாஸ்போர்ட் சைஸ் புகைப்படத்தைச் செருகினார். உலகத் திரைவரலாற்றில் மச்சான் போட்டோவைப் பார்த்துக்கொண்டே செத்த சிப்பாய் ஒருவன் உண்டா? இல்லை. மாப்பிள்ளை பிழைத்தார்.

மிச்சம் இருந்தது வழியனுப்புகிற காட்சி. அதுதான் ஆகப் பெரிய கண்டம். தெருமுனையில் நின்று திரும்பிப் பார்ப்பது, மனைவி கதவில் சாய்ந்து நிற்பது, கை மெல்ல உயர்வது, இவை அத்தனையும் எமனுக்கு எழுதிக் கொடுக்கிற சீட்டு. ஆகவே கர்னல் அந்தக் காட்சியை எவ்வளவு அலங்கோலப்படுத்த முடியுமோ அவ்வளவு அலங்கோலப்படுத்தினார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லிக் கூச்சல் போட்டார். தண்ணீர் மோட்டார் ரிப்பேரைப் பற்றி உரத்த குரலில் பேசிக்கொண்டே மாப்பிள்ளையின் தோளைப் பிடித்து வாசலுக்குத் தள்ளினார். தங்கை பின்னால் வந்தபோது, "நீ உள்ள போ, வெயில் படக் கூடாது" என்று கதவைச் சாத்தினார். ஆட்டோவில் பெட்டியை ஏற்றி, மாப்பிள்ளையை அதன்மேல் ஏற்றாத குறையாக ஏற்றி, அவர் தலையைத் திருப்பப் போன சமயத்தில் ஆட்டோவின் வாசலை அடைத்துக்கொண்டு தம் உடம்பால் நின்றார். ஆட்டோ போய்விட்டது. கர்னல் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு மட்டமான வழியனுப்பு எந்தப் படத்திலும் வந்ததில்லை என்று அவருக்குத் திருப்தியாக இருந்தது.

உள்ளே தங்கை தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"திரும்பியே பாக்கலண்ணா அவரு. ஒவ்வொரு தடவையும் தெருமுனையில திரும்பிப் பாத்து, கை காட்டிட்டுத்தான் போவாரு. ஒவ்வொரு தடவையும் பத்திரமா வந்துட்டாரு. அதப் பாத்தாதான் எனக்கு மனசு ஆறும். இந்தத் தடவ என்ன ஆச்சு? நான் ஏதாச்சும் தப்பா பேசிட்டனா?"

கர்னல் நின்றபடியே அதைக் கேட்டார். மாப்பிள்ளை ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் வந்திருக்கிறார். இத்தனை வருஷமாக எதிர்வாசலிலேயே நடந்திருக்கிறது. கர்னல் கண்ணில் படவே இல்லை. தங்கையின் முகத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "கிளம்பும்மா, பஸ் ஸ்டாண்டுக்குப் போலாம். எல்லாம் என்னால வந்தது" என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

ஆகா, இறுதிக்கட்டத் துரத்தல்! கர்னல் வாழ்நாளெல்லாம் காத்திருந்த காட்சி. ஆனால் பின்னால் இருக்கிறவள் பிள்ளைத்தாய்ச்சி. "மெதுவாண்ணா, பள்ளம் பாத்துப் போண்ணா" என்று முதுகில் தட்டிக்கொண்டே வந்தாள். அவர்கள் போன வேகத்தில், சைக்கிளில் பால் கேனைக் கட்டிக்கொண்டு போனவர் அவர்களை முந்திச் சென்று, ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டும் போனார். முரசொலி கேட்கவேண்டிய சிக்னலில், பின்னால் நின்ற லாரிதான் ஹாரன் அடித்தது.

இவ்வளவு பாடுபட்டுப் போய்ச் சேர்ந்தால் பஸ் புறப்படவே இல்லை. டயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை தம் பெட்டிமேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் பர்ஸை எடுத்து நீட்டினார்.

"மச்சான், என் சம்சாரத்தப் பாக்கலாம்னு தொறக்கறேன், நீங்க மொறச்சிட்டு இருக்கீங்க. பக்கத்து சீட்டுக்காரரு, உங்க குடும்பமான்னு கேக்குறாரு."

அழுத முகத்தோடு வந்த தங்கை வெடித்துச் சிரித்துவிட்டாள். கர்னல் சட்டைப்பையிலிருந்து அவளுடைய புகைப்படத்தை எடுத்துக் கொடுத்தார். வேறு வழியில்லாமல், கடை, போட்டோ, பிள்ளை, திரும்பிப் பார்ப்பது என்று தம் விதிகள் எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டு சொல்லி முடித்தார்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. பிஸ்கட் பொட்டலத்தை மடித்து வைத்தார்.

"எங்க யூனிட்ல லாரி ஓட்டறவன் ஒருத்தன் இருந்தான் மச்சான். கல்யாணம் ஆகல. பர்ஸ்ல போட்டோ கிடையாது. ஊருக்குப் போய் இன்னது பண்ணுவேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. உங்க கணக்குப்படி அவன் நூறு வயசு இருந்திருக்கணும். போன மழைக்கு மண்ணு சரிஞ்சு, வண்டியோட போயிட்டான். அப்ப நான் பல்லு தேச்சிட்டு இருந்தேன். ஒரு ஆளு வந்து சொன்னான். வாயக் கொப்பளிச்சிட்டுத்தான் ஓடினேன்."

கர்னல் 'அப்புறம்?' என்று கேட்கவில்லை.

டயர் மாற்ற நெடுநேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் கணவனும் மனைவியும் அந்தப் பெட்டிமேல் நெருக்கியடித்து உட்கார்ந்து, சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா, கரண்ட் பில்லை யார் கட்டுவது, கொசுவலையில் இன்னும் எங்கே கிழிசல் இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு தீர்ந்த பிறகு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். தம் மேஜைக்கு இது வீடியோவாக வந்திருந்தால் இதில் ஒரு நொடியைக்கூட விட்டுவைத்திருக்கமாட்டோம் என்று கர்னலுக்குத் தோன்றியது. அவர்கள் இரண்டு பேருக்கும் கிடைத்ததே அதுதான் என்பதும் தெரிந்தது. அவர் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

பஸ் கிளம்பியது. மாப்பிள்ளை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, நன்றாகத் திரும்பிப் பார்த்து, கை ஆட்டினார். தங்கையும் ஆட்டினாள். கர்னல் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். எவ்வளவோ பேரை மெல்ல மெல்ல நடக்கவைத்தவருக்கு, அந்த ஒரு பஸ்ஸைக் கொஞ்சம் மெதுவாகப் போகவைக்க முடியவில்லை. அது தன் பாட்டுக்குப் போய், வளைவில் மறைந்தது. கர்னல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுற்றிலும் இசை எதுவும் கேட்கவில்லை. சுண்டல் விற்பவரும் ஹாரன்களும்தான்.

அடுத்து என்ன ஆயிற்று என்கிறீர்களா? மறுவாரம் மாப்பிள்ளை போன் செய்தார். அங்கே விடாத மழை, காலுறை காயவில்லை, நாலு ஜோடி வாங்கி அனுப்பச் சொன்னார். கர்னல் ஆறு ஜோடியாக வாங்கி அனுப்பினார். மாதங்கள் போயின, குழந்தை பிறந்தது, பெண். சொன்னபடி ஒரு வருஷம் கழிந்து மாப்பிள்ளையும் வந்துவிட்டார். மெயின் ரோட்டில் கடை போட்டிருக்கிறார். வியாபாரம் பரவாயில்லை. பஞ்சர் ஒட்டும்போது முழங்கால்தான் கொஞ்சம் வலிக்கிறதாம்.

இவ்வளவுதானா, என்கிறீர்களா?

இருங்கள், ஒன்று கேட்கவேண்டும். மாப்பிள்ளை சைக்கிள் கடை என்று வாயைத் திறந்தபோதே உங்களுக்கு உள்ளுக்குள் ஏதோ தட்டுப்பட்டது அல்லவா? தங்கை முழுகாமல் இருக்கிறாள் என்று படித்தவுடன் 'சரிதான், ஆள் அவ்வளவுதான்' என்று முடிவு கட்டி, கைக்குட்டையைக்கூட எடுத்து வைத்துக்கொண்டீர்கள் அல்லவா? இப்போது அவர் முழு உடம்போடு உட்கார்ந்து டியூபில் காற்றடித்துக்கொண்டிருக்கிறார் என்று கேட்டதும், சொல்லக் கூசுகிற ஒரு சின்ன ஏமாற்றம், இந்தக் கடுகளவு, நெஞ்சில் எட்டிப் பார்க்கிறதே, அதை என்னிடம் மறைக்கவேண்டாம்.

வாழ்த்துகள், மேஜர்.